கடைசிச் சுற்றில் அடித்த போன்

அக்கா,

இன்று காலை கிளென் வேவர்லி நிலையத்தில் ரயில் கிளம்பக் காத்திருந்தது. எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் பையிலிருந்து மாண்டரின் ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார். குளிருக்குக் கதவுகளை மூடி ஹீட்டர் போட்டிருந்த பெட்டி அது. வாசனை உடனே பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. நான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று பார்க்காமலே மூடிவிட்டேன். நான் அப்படிச் செய்கிறவளா என்பது உங்களுக்குத் தெரியும்.

அவர் தோலைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டார். நீங்கள் அப்படி உரிக்க மாட்டீர்கள். கட்டைவிரல் நகத்தைக் காம்புப் பக்கம் ஊன்றி, சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக எடுப்பீர்கள். அந்த நாடா உங்கள் கோட்டுப் பைக்குள் போகும். சுளையில் பாதி எனக்கு. "தோடம்பழம் சாப்பிடு லைப்ரரி, மூளைக்கு நல்லம்" என்பீர்கள். லைப்ரரி, புத்தகமும் கையுமாகத் திரியும் எனக்கு நீங்கள் வைத்த பெயர். நான் தேடிப் பார்த்துவிட்டு, அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அடுத்த வாரம் சொன்னேன். "அப்ப வாய்க்கு நல்லம்" என்றீர்கள்.

இந்த வாசனை வந்தாலே எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. துக்கத்தால் என்று சொல்லத்தான் ஆசை. துக்கமும் இருக்கிறது. ஆனால் முதலில் வந்து நிற்பது வெட்கம்.

உங்களை முதலில் தேடிப் பிடித்தது என் அம்மா. ஸ்பிரிங்வேலில் நீங்கள் வேலை பார்த்த மருந்துக் கடையில்தான் அம்மா பிரஷர் மாத்திரை வாங்குவார். சதுரங்கத்தில் நீங்கள் மாநிலப் பட்டம் வென்றவர் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார். "எங்க பொண்ணும் செஸ் விளையாடுவா. சிட்டில இருக்கற கிளப்புக்குப் போகணும்ங்கறா. தனியா ட்ரெயின்ல அனுப்ப பயமா இருக்கு."

"நானும் அந்த ரெயின்தான். என்னோட வரட்டும்" என்றீர்கள்.

"அப்படியே கொஞ்சம் சொல்லியும் குடுத்தீங்கன்னா..."

"இல்லை அக்கா, நான் படிப்பிக்கிறதில்லை. பக்கத்தில இருந்து வரட்டும்."

அம்மாவுக்கு அந்தப் பதில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. சொன்ன சொல்லை நீங்கள் மீறவேயில்லை. ஒரு நகர்த்தலைக்கூட எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பத்து வயதுப் பையனும் ஓய்வுபெற்ற பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மோதுகிற இடம் நம் கிளப். ஒருமுறை நம் இருவரையுமே எதிரெதிரே போட்டார்கள். இரக்கமே இல்லாமல் என்னைத் தோற்கடித்துவிட்டு, "இண்டைக்கு நீ குதிரையைக் கூடக் கும்பிட்டிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாய்" என்று சிரித்தீர்கள். ரயிலில் திரும்பும்போது வழக்கம்போல் பாதிச் சுளை வந்தது.

சனிக்கிழமை ரயில்களில் நான் கேள்வி கேட்டுக்கொண்டே வருவேன். எனக்கு வாழ்க்கை வரலாறு என்றால் உயிர். நூலகத்தில் அந்த வரிசை முழுவதையும் படித்து முடித்திருந்தேன். என் பக்கத்திலேயே ஒரு சாம்பியன் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தால் சும்மா விடுவேனா? ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் அம்மாவுடன் இங்கே வந்ததைச் சொன்னீர்கள். பள்ளியில் மதிய இடைவேளையில் பேச ஆங்கிலம் போதவில்லை. நூலகத்தின் ஒரு மூலையில் சதுரங்கப் பலகை கிடந்தது. "வாயைத் திறக்காமலே ஆக்களோட சண்டை பிடிக்கக்கூடிய இடம் எனக்கு அது ஒண்டுதான்" என்றீர்கள். பதினேழு வயதில் மாநிலப் பெண்கள் பட்டம். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இன்னும் இரண்டு முறை. அதன்பிறகு மருந்துக் கடை, வீட்டுக் கடன், அம்மாவின் முழங்கால் அறுவை. ஏழு வருடம் நீங்கள் காய்களைத் தொடவில்லை.

"ஏன்க்கா விட்டீங்க?"

"விடேல்லையடி. பசி இல்லாமல் இருந்தது."

"அப்புறம்?"

"ஒருநாள் கடையில குளிசை எண்ணிக்கொண்டிருந்தன். எட்டு எட்டா அடுக்கினன். பலகைக் கட்டம் மாதிரி அறுபத்திநாலு வந்த உடன கை நிண்டிட்டுது."

முப்பது வயதில் திரும்பி வந்தீர்கள். வந்த வருடமே, கிளப்பில் எல்லாரும் அஞ்சுகிற ஒருவரை அவருக்குப் பிடித்த தொடக்கத்திலேயே மடக்கினீர்கள். அதைக் கேள்விப்பட்டு ஒரு தமிழ் விழாவில் உங்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அறிவிப்பாளர் உற்சாகம் தாங்காமல், "நம் சமூகத்தின் கேரம் சாம்பியன்" என்று அறிமுகப்படுத்திவிட்டார். நான் இரண்டாவது வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் ஒலிபெருக்கியை வாங்கி, "பரவாயில்லை, அதுவும் கறுப்பும் வெள்ளையும்தான்" என்றீர்கள். அரங்கம் கைதட்டியது. அறிவிப்பாளரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்.

ஒரே ஒரு ஆசையை மட்டும் ஒரே ஒரு முறை சொன்னீர்கள். அந்த வருடம் ஜூன் மாதப் போட்டியில் பட்டம் வென்றால் நாட்டின் பெண்கள் அணியில் இடமும் அணிச் சட்டையும் கிடைக்கும். நீங்கள் மூன்று முறை பட்டம் வென்ற காலத்தில் அந்த வாய்ப்பு ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப் போயிருந்தது. "முதுகில என்ர பேர் எழுதின பச்சைச் சேட் ஒண்டு, லைப்ரரி. அம்மாக்குப் போட்டுக் காட்ட வேணும். பிறகு கழட்டி வைச்சாலும் பரவாயில்லை." ரயில் சன்னலைப் பார்த்துச் சொன்னீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் திங்களும் விடுமுறையாக வரும் நீண்ட வாரயிறுதி. திங்கட்கிழமை கடைசிச் சுற்று. அதில் நீங்கள் டிரா செய்தால்கூடப் போதும்.

உங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்ட நாளில் ரயில் ஏறும் முன்பே, நடைமேடையிலேயே போனை அணைத்துவிடுவீர்கள். திரை கறுத்ததும் என்னிடம் காட்டி, "பிள்ளை நித்திரை" என்பீர்கள். ஆட்டத்தின் நடுவே யாருடைய போன் சத்தம் போட்டாலும் அவர் அந்த ஆட்டத்தில் தோற்றவர். எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சரி, யார் அழைத்தாலும் சரி. விதிப் புத்தகத்தில் அந்தப் பகுதியை உங்களுக்கே வாசித்துக் காட்டியவள் நான்.

அன்று பாதி வழியில் தண்டவாள வேலை. எல்லாரையும் இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். பேருந்து நகரவேயில்லை. காலையிலிருந்து மின்னூல் படித்ததில் என் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. போய்ச் சேர்ந்ததும் 'வந்துட்டேன்' என்று அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நேரம் தள்ளிப் போவதைப் பார்த்து எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"அக்கா, உங்க போன்ல ஒரு மெசேஜ் போட்டுக்கட்டுமா?"

நீங்கள் தூங்கிய பிள்ளையை எழுப்பிக் கொடுத்தீர்கள். 'அம்மா, பஸ்ல இருக்கோம், லேட் ஆகும், போனதும் சொல்றேன், இது அக்கா போன்' என்று நான் அனுப்பினேன். அந்த நேரம் பார்த்துப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தது. உங்கள் ஒரு கையில் கோட்டு, மறு கையில் தண்ணீர்ப் போத்தல். போனை உங்கள் பைக்குள், மாண்டரின்களுக்கு மேல் போட்டேன். ஓடினோம். அரங்கத்துக்குள் நுழைந்தபோது உங்கள் ஆட்டக் கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

'வந்துட்டேன்' என்று யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

என் மேசை கடைசி வரிசையில். எதிராளி யோசிக்கும் நேரங்களில் எழுந்து வந்து உங்கள் ஆட்டத்தைப் பார்த்தேன். நீங்கள் இழந்த நேரத்தையும் பிடித்துவிட்டிருந்தீர்கள். எதிரே இருந்த பல்கலைக்கழக மாணவியின் ராஜா மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. உங்கள் யானைகள் இரண்டும் ஒரே வரிசையில் நின்றன. உங்கள் வலது கை கோட்டுப் பைக்குள் மாண்டரின் தோலை உருட்டிக்கொண்டிருந்தது. நிலைமை நன்றாக இருந்தால்தான் நீங்கள் அதைச் செய்வீர்கள்.

அப்போதுதான் மணி அடித்தது.

எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். பிறகு உங்கள் முகம் மாறியது. குனிந்து பைக்குள் கை விட்டீர்கள். போன் பழங்களுக்கு அடியில் போயிருந்தது. ஒரு மாண்டரின் வெளியே விழுந்து மேசைகளுக்குக் கீழே உருண்டது. அதன்பின் இன்னொன்று. மணி நிற்கவேயில்லை. ஒருவழியாக நீங்கள் போனை எடுத்தபோது நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். திரையில் 'லைப்ரரி அம்மா' என்று இருந்தது. அழைப்பைத் துண்டித்தீர்கள். நடுவர் நடந்து வந்துகொண்டிருக்கும்போதே, உங்கள் கையிலேயே அது இரண்டாவது முறை அடித்தது.

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். அவருக்கும் உங்களைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏதாவது அவசரமா, யார் அழைத்தது என்று மெல்லிய குரலில் கேட்டார். "என் தவறுதான்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். கைகுலுக்கினீர்கள். கீழே உருண்ட பழங்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனீர்கள்.

என் ஆட்டத்தை எப்படித் தோற்றேன் என்று நினைவில்லை. நடைக்கூடத்துக்கு வந்தபோது நீங்கள் சுவரோரம் நின்றிருந்தீர்கள். நான் வாயைத் திறக்கும் முன் போனை நீட்டினீர்கள். "முதல் அம்மாவுக்குப் போன் எடு. பாவம், பயந்து போயிருப்பா."

எடுத்தேன். "ஏண்டி, எங்கடி இருக்க? வந்துட்டேன்னு ஒரு வார்த்தை போடத் தெரியாதா? அந்த அக்காவாவது எடுக்கலாம்ல? கட் பண்றாங்க!" என்று அம்மா கத்தினார். நீங்கள் அதைக் கேட்டீர்கள் அக்கா. பக்கத்தில்தான் நின்றீர்கள். கேட்காததுபோல் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தீர்கள். அது பழைய அறிவிப்பு.

அந்த மாணவி பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்தாள். இப்படி ஒரு பட்டம் தனக்கு வேண்டாம் என்றாள். ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு உட்கார்ந்து, நான் இங்கே இப்படி நினைத்தேன், நீ அங்கே என்ன நினைத்தாய் என்று ஒளிவில்லாமல் பேசிப் பார்ப்பது சதுரங்கக்காரர்களின் வழக்கம். நீங்கள் உள்ளே போய், காய்களை விட்ட இடத்திலேயே அடுக்கி, மீதியை விளையாடிப் பார்க்கலாம் வா என்று அவளைக் கூப்பிட்டீர்கள். விளையாடினீர்கள். வென்றீர்கள். கடிகாரமும் இல்லை, நடுவரும் இல்லை, பட்டமும் இல்லை. கடைசி நகர்த்தலில் அவளே சிரித்துவிட்டாள். கதவோரம் நின்று பார்த்த எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் நான் அழுதபோது ஒன்றே ஒன்று சொன்னீர்கள். "உனக்கென்ன விசரோ? அடுத்த வருசம் இருக்குத்தானே."

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் அவர் நம்பவேயில்லை. "ஒரு போன் அடிச்சதுக்கா? ஜெயிச்சிட்டிருக்கவங்க தோத்தவங்களா? என்னடி விளையாட்டு இது?" பிறகு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்த டீம்ல இனிமே எடுக்க மாட்டாங்களா?" கொஞ்ச நேரம் கழித்து, "நான் வேணா வந்து அந்த நடுவர்கிட்ட பேசட்டுமா? தப்பு என் மேலதான்னு சொன்னா விட்டுருவாங்கல்ல?" அம்மா ஒரு கணினி நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கேட்டார். நான் விதியைச் சொன்னேன். எனக்கு எப்போதும் விதிதான் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அம்மா நெய் விட்டுக் கேசரி கிளறினார். டப்பாவில் போட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவரை ஓட்டினார். வட்டச் சந்தியை ஒருமுறை சுற்றினார். மறுபடியும் சுற்றினார். "என்னன்னு சொல்லிக் குடுப்பேன்? 'உங்க பட்டத்தைப் பறிச்சதுக்குக் கேசரி'ன்னா?" வண்டி வீட்டுக்குத் திரும்பியது. அந்தக் கேசரியை நாங்களும் சாப்பிடவில்லை. அம்மாவின் அலுவலகத்துக்குப் போனது.

அன்றைக்கே போயிருந்தால் ஐந்து நிமிட வேலை. போகாததால் ஒவ்வொரு வாரமும் அது கனத்தது. அம்மா மாத்திரை வாங்கும் கடையை மாற்றினார். என்னைக் கிளப்புக்குக் காரில் கொண்டுவிட்டார். பிறகு பரீட்சை என்று சொல்லி நானே சனிக்கிழமைகளைக் குறைத்துக்கொண்டேன். உண்மையில் பரீட்சை இல்லை. உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நீங்கள் கோபப்பட்டிருந்தால் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பரில் மளிகைக் கடையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் பருப்பு வரிசையில் இருந்தோம். நீங்கள் உள்ளே வருவதை அம்மா பார்த்துவிட்டார். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரிசி மூட்டைகளின் பின்னால் போய் நின்றார். "பொன்னியா சோனா மசூரியா பார்க்கறேன்" என்று என்னிடமே சொன்னார். மூட்டைகளின் இடுக்கில் நான் உங்களைப் பார்த்தேன். எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். அதில் என் நூலகப் புத்தகம் கிடந்தது. அதைத் தொட்டீர்கள். பழக் கூடைக்குப் போய் ஒரு பை நிறைய மாண்டரின் எடுத்து வந்து எங்கள் வண்டியில் வைத்தீர்கள். அரிசிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள்.

காசாளரிடம் அம்மா ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்தார். மாண்டரின் பை வந்தது. கை நின்றது. "இதை நாம எடுத்தோமா?" என்றார். நான் அடுத்த பொருளை எடுத்து நீட்டினேன். அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தோம். நீங்கள் வைத்த கேலி அது என்று எனக்குத் தெரியும். ஒளிந்துகொண்டதற்கு அபராதம். காரில் அம்மா அழுதார். நான் ஒன்றை உரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பள்ளி வாசலில் ஒருநாள் இன்னொரு பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில், "அந்த செஸ் பொண்ணு போன் வச்சுக்கிட்டு விளையாடுச்சாமே, கண்டுபிடிச்சுட்டாங்களாம்" என்றார். போனில் கணினியின் உதவி பெற்று விளையாடினீர்கள் என்று பொருள். என் அம்மா கைப்பைக்குள் கார்ச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையில்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்று, என் காலணிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் ஏப்ரலில் உங்கள் மூளையில் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. வேலை முடிந்து கடைக் கதவைப் பூட்டும்போது விழுந்தீர்களாம். இரண்டு நாள். அவ்வளவுதான். அடுத்த வருசம் இருக்குத்தானே என்று சொன்னீர்கள். அந்த ஜூன் வருவதற்கு இரண்டு மாதம் இருந்தது.

இறுதிச் சடங்கில் நாங்கள் கடைசி வரிசையில் நின்றோம். உங்கள் அம்மாவிடம் போகவில்லை. கூட்டம் நகரும்போது நாங்களும் நகர்ந்து வெளியே வந்துவிட்டோம்.

கிளப்பில் உங்கள் நினைவாக ஜூனில் ஒருநாள் போட்டி வைப்பதென்று முடிவு செய்தார்கள். அன்று எல்லா நாற்காலிகளிலும் வைக்க, உங்கள் வாழ்க்கையையும் ஆட்டங்களையும் பற்றி ஒரு பக்கம் வேண்டும். நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். மறுநாளே உங்கள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இங்கிலிசில எழுதிறது சரி. எனக்குத் தமிழிலயும் ஒண்டு எழுது. நீ வடிவா எழுதுவாய் எண்டு அவ சொல்லுறவ."

"எழுதறேன் ஆன்ட்டி."

"அந்தக் கடைசி விளையாட்டையும் எழுது. ஆக்கள் வேற மாதிரிக் கதைக்கினம். நடந்ததை நடந்தபடி எழுது."

நான் எழுதினேன். நூலக மூலை, மூன்று பட்டங்கள், அறுபத்திநாலு குளிசை, கேரம் சாம்பியன் எல்லாம் வந்தன. கடைசி ஆட்டத்துக்கு வந்ததும், 'எதிர்பாராத ஒரு தொலைபேசி அழைப்பால் பட்டத்தை இழந்தார்' என்று எழுதி நிறுத்தினேன். அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அடுப்படியில் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"யார் போன்னு போடலையே."

"போடவாம்மா?"

குக்கர் விசில் அடித்தது. அம்மா அதை இறக்கவில்லை. மறுபடி அடித்தது.

"இப்படியே விட்டா, படிக்கறவங்க என்ன வேணா நினைச்சுக்குவாங்க" என்றார். "ஏற்கெனவே நினைச்சுட்டாங்க. நான் கேட்டுட்டு நின்னேன்." பிறகு அடுப்பை அணைத்தார். "எழுது. பொண்ணு போய்ச் சேர்ந்தாளான்னு தெரியாம அவ அம்மா கூப்பிட்டான்னு எழுது. அந்தப் பொண்ணு நீதான்னும் எழுது. ரெண்டு தடவை கூப்பிட்டேன்னு சேர்த்துப் போடு."

நினைவுப் போட்டி அன்று அம்மா புடவை கட்டிக்கொண்டு வந்தார். சதுரங்கக் கிளப்புக்குப் புடவையில் வந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். வாசலில் நின்று போனை எடுத்து அணைத்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் போனை அணைத்ததே இல்லை. எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்று தெரியாமல் நின்றார். கணினி நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர். நான் காட்டிக் கொடுத்தேன்.

உங்கள் அம்மா முன்வரிசையில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். என் அம்மா அவர் முன்னால் போய் நின்றார். வரும் வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை.

"நான்தான்க்கா அது" என்றார்.

உங்கள் அம்மா தலையைத் தூக்கினார். "ஓம். தெரியும்."

"படிச்சீங்களா?"

"இப்பதான் வாசிக்கிறன். ஆனா அவ எனக்கு அண்டைக்கே சொன்னவ. 'லைப்ரரியின்ர அம்மா பயந்துபோய் எனக்குப் போன் எடுத்திட்டா, நீங்களும் எடுத்திருப்பியள்' எண்டு." பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். "நீங்கள் வருவியள் எண்டு அவ பார்த்துக்கொண்டு இருந்தவ. இருங்கோ."

அம்மா உட்கார்ந்தார். நான் என் மேசைக்குப் போய்க் காய்களை அடுக்கினேன். யானையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் கண் மறைத்தது. நீங்கள் கோபப்படவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். எங்களுக்காகக் காத்திருந்தீர்கள் என்பது தெரியாது. எங்களை மன்னிப்பதற்கு உங்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வந்து வாங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடம் போதவில்லை. அதை அந்தப் பக்கத்தில் எழுத இடமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போட்டி முடிந்து கிளம்பும்போது உங்கள் அம்மா என் கையைப் பிடித்தார். "அவ ஒருநாளும் எனக்கு வந்திட்டன் எண்டு போட்டதில்லை, பிள்ளை. போனை நிப்பாட்டிப் போட்டுப் போயிடுவா. நான் பின்னேரம் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பன்." கையை விடவில்லை. "நீ எங்க போனாலும் போய்ச் சேர்ந்த உடன எனக்கும் ஒண்டு போடு."

இன்று கிளப் வாசலில் நின்று அம்மாவுக்கும் உங்கள் அம்மாவுக்கும் 'வந்துட்டேன்' என்று போட்டேன். அம்மா உடனே கட்டைவிரல் படம் அனுப்பினார். உங்கள் அம்மாவுக்கு எழுத்தைத் தேடித் தட்ட நேரமாகும். ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. காத்து நின்றேன். 'ஓம்' என்று வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளையைத் தூங்கப் போட்டேன்.

உள்ளே போய் என் கோட்டுப் பைக்குள் கை விட்டேன். ரயிலில் பிறகு நானும் ஒரு மாண்டரினை உரித்திருந்தேன்; அதன் தோல் இருந்தது. எனக்கு இன்னும் ஒரே நாடாவாக வரவில்லை. மூன்று துண்டு.